‘முதல்ல நான் உக்காரணும்!’ - ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் அப்பாவின் ஸ்பேனரும்

கார் வாங்கப் போகும்போது என்னவெல்லாம் பார்ப்போம்? கலர், மைலேஜ், டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச், பின் சீட்டில் மூன்று பேர் நெருக்கமில்லாமல் உட்காரலாமா, டிக்கியில் இரண்டு பெட்டி நிற்குமா... ஷோரூமில் யாராவது குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்து நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டதில்லை. ஆனால், காரின் மொத்த எடையையும், அதற்குள் உட்காரும் நம் எடையையும் தாங்கும் சங்கதி அங்கேதான் இருக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். இரண்டும் சேர்ந்ததுதான் சஸ்பென்ஷன்.

நம்மூருக்கு இது ஒன்றும் புதிதல்ல. தாத்தா காலத்தில் கொஞ்சம் வசதியான வீடுகளில் ‘வில் வண்டி’ நிற்கும். அதற்கும் சாதாரணக் கட்டை வண்டிக்கும் முக்கியமான வித்தியாசம், அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்து கிடக்கும் அந்த இரும்பு வில்தான். பிள்ளைத்தாய்ச்சியை வைத்தியரிடம் கூட்டிப்போக அக்கம்பக்கத்தில் வில் வண்டியைத்தான் இரவல் கேட்பார்கள் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும், உள்ளே இருப்பவரின் இடுப்பு இறங்கக் கூடாது. சஸ்பென்ஷனின் வேலையை இதைவிட எளிதாகச் சொல்லிவிட முடியாது.

போன ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா வீட்டு வாசலில், ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் நான்கு சக்கரத்து ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர்களையும் கழற்றிவிட்டு, ‘காயில்ஓவர்’ என்கிற புது செட்டை மாட்டினார்கள். மாட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மச்சான், அதாவது அக்காவின் கணவர். சாஃப்ட்வேர் வேலை. இன்னொருவர் என் அப்பா. பொள்ளாச்சி பஸ் டிப்போவில் 31 வருடம் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் டார்ச் பிடித்தேன், போட்டோ எடுத்தேன், கழற்றிய நட்டுகளை டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதினேன். மூன்று நாள் வேலை. கார் பற்றி நான் கற்றுக்கொண்டது பாதி என்றால், மீதி வேறு.

என்னைவிட மூத்த கார்

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே சீட், மடக்கி வைக்கும் துணிக் கூரை, பின் சக்கரத்தில் ஓடும் சின்ன கார். எடை ஏறக்குறைய ஒரு டன்தான். அமெரிக்காவில் இதன் பெயர் மியாட்டா. 1989-ல் சிகாகோ மோட்டார் ஷோவில் முதன்முதலாகக் காட்டினார்கள். 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. உலகத்தில் அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் இடம்பெற்றிருக்கிறது.

இதன் பிறப்புக்கதையில் ஒரு பத்திரிகையாளர் இருப்பதில் எனக்குத் தனிப் பெருமை. பாப் ஹால் என்கிற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், 1979-ல் மாஸ்டாவின் பெரிய பொறுப்பில் இருந்த கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, எளிமையான, விலை குறைந்த, திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று செய்யுங்கள் என்று சொன்னார். பிறகு அவரே மாஸ்டாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எழுதுகிறவன் சொன்னதையும் ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது, பாருங்கள்!

ஜப்பானியர்கள் இந்தக் காருக்கு வைத்துக்கொண்ட தத்துவம் ‘ஜின்பா இத்தாய்’. குதிரையும் அதில் ஏறியவனும் ஓருடல் என்று அர்த்தம். அதற்காகவே நான்கு சக்கரத்துக்கும் ‘டபுள் விஷ்போன்’ என்ற அமைப்பைக் கொடுத்தார்கள். கோழியின் நெஞ்சுப் பக்கம் ‘வி’ வடிவத்தில் ஓர் எலும்பு வருமே, அந்த வடிவத்தில் சக்கரத்துக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. சக்கரம் மேலும் கீழும் எழும்பித் தாழ்ந்தாலும், டயர் ரோட்டில் ஒழுங்காகப் பதிந்திருக்க இது உதவும்.

மச்சானின் கார் 1997-ல் பதிவானது. பச்சை நிறம். எனக்கு வயது 25. ஆக, கார் எனக்கு அக்கா முறை! கல்யாணத்துக்கு முன்பே வாங்கி வைத்திருந்தார். புதுசில் அக்காவும் அவரும் கூரையைத் திறந்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றிய போட்டோக்கள் எங்கள் ஃபேமிலி குரூப்பில் இன்னும் இருக்கின்றன. அந்தப் போட்டோக்கள் நின்று மூன்று வருடமாகிறது. காரணம், அக்காவின் முதுகு. பிரசவத்துக்குப் பிறகு எல்4-எல்5 டிஸ்க் பிரச்னை. அந்தக் காரில் ஒருமுறை போய்வந்தால் இரண்டு நாள் படுக்கை.

இங்கிலாந்தில் மூன்று வயதைத் தாண்டிய கார்களுக்கு வருடா வருடம் ‘எம்ஓடி’ சோதனை உண்டு. கார் நம்பரைத் தட்டினால், அதன் பழைய சோதனை முடிவுகளை யார் வேண்டுமானாலும் அரசாங்க இணையதளத்தில் பார்க்கலாம். ஃபெயில் ஆனது மட்டுமல்ல, ‘இதைக் கவனியுங்கள்’ என்று எழுதிய குறிப்புகளும் இருக்கும். பச்சைக் கார் பாஸ்தான். ஆனால், பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு என்று ஒரு குறிப்பு. அக்கா அதை மொபைலில் எடுத்து மச்சானிடம் நீட்டினாள்.

“இந்தத் தடவை மாத்துங்க. மாத்தின பிறகும் என் இடுப்பு வலிச்சா, வித்துடணும். சரின்னா இப்பவே சொல்லுங்க.”

மச்சான் சரி என்றார். அந்த ‘சரி’க்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று அக்கா பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஊஞ்சலும் பாட்டியின் காலும்

நானும் அப்பாவும் அங்கே போய் இறங்கியது அந்த நேரத்தில்தான். அம்மா தவறி இரண்டு வருடம். அப்பாவுக்கு அது முதல் விமானப் பயணம், முதல் வெளிநாடு. அக்கா வீட்டில் எல்லா வசதியும் இருந்தது. அப்பாவுக்குச் செய்ய எதுவும் இல்லை. டிவி ரிமோட்டைக்கூடத் தொடமாட்டார். மச்சானும் அவரும் ஒருவரையொருவர் ‘சாப்பிட்டீங்களா மாப்ளை’, ‘ஆச்சுங்க மாமா’ என்ற இரண்டு வாக்கியத்தில் ஏழு வருடத்தை ஓட்டியவர்கள்.

ஒரு மாலை கூரியரில் கனமான பெட்டி வந்தது. மச்சான் அதைப் பிரித்து, உள்ளே இருந்த நான்கு உருப்படிகளையும் ஹால் தரையில் வரிசையாக நிற்கவைத்தார். அப்பா சோபாவிலிருந்து எழுந்து வந்து, ஒன்றைக் கையில் தூக்கி எடை பார்த்தார். “இது என்னங்க மாப்ளை, சாக்கப்சர் மேலயே மரை போட்டிருக்கு?” என்றார். ஏழு வருடத்தில் மூன்றாவது வாக்கியம்!

அந்த மரைதான் காயில்ஓவரின் விசேஷமே. காயில் என்றால் சுருள் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரைச் சுற்றி அதன் மேலேயே ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தால் காயில்ஓவர். அப்படிப் பார்த்தால் எம்எக்ஸ்-5-ல் கம்பெனியில் இருந்து வருவதும் அதே மாதிரிதான். ஆனால், கார் பிரியர்கள் ‘காயில்ஓவர்’ என்று சொல்வது உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதை. ஷாக் அப்சார்பரின் உடம்பில் போல்ட்டில் இருப்பதுபோல மரை. அதில் இரண்டு வளையங்கள். ஒன்று ஸ்பிரிங்கைத் தாங்கும், இன்னொன்று அது நகராமல் பூட்டும். வளையத்தைத் திருகி ஏற்றினால் கார் உயரும், இறக்கினால் தாழும். உச்சியில் ஒரு சின்னக் குமிழ். அதைத் திருப்பினால் ஷாக் அப்சார்பர் இறுகும், இளகும்.

ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டேன். மச்சான் ஏதோ கிராஃப் வரைய ஆரம்பித்தார். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

“ஊஞ்சல் ஆடுது பாரு கண்ணு, அது ஸ்பிரிங்கு. பாட்டி காலைத் தரையில ஊனி ஊனி ஆட்டத்தை அடக்குது பாரு, அது சாக்கப்சர்.”

விளக்கம் கச்சிதம். ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஆனால், ஒரு மேட்டில் ஏறி அமுங்கினால், தானாக நிற்கத் தெரியாது, ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் இருக்கிறது. பிஸ்டனின் சின்னத் துளைகள் வழியாக அந்த எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டம் தளர்ந்து, சூடாக மாறிக் கரைகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் பாட்டி ஊஞ்சலை விட்டு இறங்கிப் போய்விட்டாள் என்று அர்த்தம். கார் துள்ளும், சஸ்பென்ஷன் அடி வரை போய் இடிக்கும். அந்த இடிதான் அக்காவின் இடுப்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

புது ஸ்பிரிங்கின் பெட்டியில் முன்பக்கத்துக்கு ‘6’ என்று எழுதியிருந்தது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 6 கிலோ எடை வேண்டும் என்பது அதன் பொருள். 60 கிலோ ஆள் அந்த ஒற்றை ஸ்பிரிங் மேல் நேராக ஏறி நின்றால் 10 மில்லிமீட்டர்தான் இறங்கும். பழைய ஸ்பிரிங்கைவிட வெகுவாகக் கடினம். அதைக் கேட்டதும் அக்கா மச்சானைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

முட்டுக் கொடு, பிறகு தலையைக் கொடு

ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை இங்கிலாந்தில் பொது விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள். ராத்திரி எட்டு மணி வரைக்கும் வெளிச்சம். கேரேஜில் மாட்டக் கூலி 400 பவுண்டு கேட்டிருந்தார்கள். வீட்டிலேயே செய்துவிடலாம் என்று மச்சான் முடிவெடுத்ததற்குக் காசு மட்டும் காரணமல்ல என்பது எனக்குத் தெரியும். ஹாலில் அப்பா அந்த உருப்படியைத் தூக்கிப் பார்த்த விதத்தை அவரும் பார்த்திருந்தார்.

சனிக்கிழமை காலை, வாசலில் சிமென்ட் தளம். சக்கர நட்டுகளை, கார் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொண்டார்கள். பிறகு ஜாக்கியில் தூக்கி, நான்கு பக்கமும் ஸ்டாண்டு வைத்தார்கள். அப்பா அதை ‘முட்டு’ என்பார். ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. அது தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. ஸ்டாண்டு வைத்த பிறகும், கழற்றிய சக்கரங்களை உடம்புக்கு அடியில் படுக்கப்போட்டார். “முட்டு நழுவுனாக்கூட, இந்தச் சக்கரத்து மேல கார் உக்காரும். கெடச்ச சந்துல நாம உசுரோட இருப்போம்” என்றார். பிறகு இரண்டு கையாலும் காரைப் பிடித்து உலுக்கினார். ஆடவில்லை. அப்புறம்தான் மச்சானைக் குனிய விட்டார்.

முன்பக்கம் சுலபம். பானெட்டைத் திறந்தால் ஷாக் அப்சார்பரின் தலையைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டு. 14 நம்பர் ஸ்பேனர். கீழே ஒரு பெரிய போல்ட். இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் மூட்டை இரு பக்கமும் கழற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் இன்னொரு சக்கரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க விடாது. மேல் கையின் நீள போல்ட்டை உருவியதும் எல்லாம் தொங்க ஆரம்பித்தது. உடனே அப்பா ஒரு கம்பியை எடுத்து அந்தத் தொங்கலைக் கட்டினார். பிரேக் ஹோஸ் மேல் எடை விழக் கூடாது. ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியில் தெரியாது, பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும்.

பழைய ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கோடு முழுசாக வெளியே வந்தது. மச்சானுக்கு அதைப் பிரித்து உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்க ஆசை. உச்சி நடுவில் இருக்கும் நட்டில் ஸ்பேனரை வைத்தார்.

“மாப்ளை!”

அப்பா அப்படிச் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. அந்த நடு நட்டுதான் அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்துவைத்திருக்கிறது. அதைக் கழற்றினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். அதற்கென்று அமுக்கிப் பிடிக்கும் கருவி இருக்கிறது. அதையும் பழக்கமில்லாதவர்கள் வீட்டில் தொடக் கூடாது. டிப்போவில் ஒருவருக்கு ஸ்பிரிங் தெறித்துத் தாடை போனதை அப்பா அன்று சொன்னார். நல்லவேளையாக, வாங்கிய செட்டில் மேல்மூடியும் சேர்ந்தே வந்திருந்தது. பழையதைப் பிரிக்கவே வேண்டியதில்லை. நீங்கள் இப்படி ஒரு செட் வாங்குவதாக இருந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அசையாத போல்ட்

பின்பக்கம் ஞாயிற்றுக்கிழமை. டிக்கி விரிப்பை விலக்கினால் மேல் நட்டுகள் தெரியும். அதெல்லாம் வந்துவிட்டது. சக்கரத்தைத் தாங்கும் பகுதியின் அடியில் ஒரு நீளமான போல்ட் உண்டு. குறுக்கே முழு நீளத்துக்குப் போகிறது. இந்தக் கார் வைத்திருப்பவர்கள் மத்தியில் அந்த போல்ட் பிரபலம், பெயர் கெட்டுப்போன பிரபலம். குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க இங்கிலாந்து ரோடுகளில் உப்பு தூவுகிறார்கள். அந்த உப்பு இத்தனை வருடமாக உள்ளே போய்த் துருவேற்றி, போல்ட்டும் குழாயும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன.

நட்டு வந்தது. போல்ட் வரவில்லை. துரு இளக்கும் ஸ்பிரே முதல் நாள் இரவே அடித்திருந்தார்கள். சுத்தியல், நீளக் குழாய், மறுபடி ஸ்பிரே. மத்தியானம் இரண்டு மணிக்கு மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். நாளைக்குள் முடியாவிட்டால், கார் முட்டின் மேல் அப்படியே நிற்கும். செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆபீஸ். அக்கா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ‘விற்பது’ என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. ஆனால், எல்லோருக்கும் கேட்டது.

அப்பா போல்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். கழற்றும் திசையில் இல்லாமல், முறுக்கும் திசையில் கொஞ்சம் அழுத்தினார். “அவுக்கணும்னா முதல்ல முறுக்கணும்” என்றார். துரு எங்கே பிடித்திருக்கிறதோ அந்தப் பிடி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அசைத்தால்தான் விடும். ஒரே பக்கம் பலம் கொடுத்தால் போல்ட் முறிந்துவிடும். ஒரு நூல் அளவு முறுக்கு, ஒரு நூல் அளவு அவிழ். ஸ்பிரே. காத்திரு. மறுபடி. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலி மேல் சாய்ந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, உள்ளே போய் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார்.

அப்படியே சாயங்காலம் ஆறு மணி வரை. பிறகு அப்பா எழுந்து, “போதும். எண்ணெய் ராத்திரிக்கு வேலை செய்யட்டும்” என்று கையைத் துடைத்தார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, நாங்கள் எழுந்து வருவதற்குள், போல்ட் வெளியே கிடந்தது. அதன் உடம்பு முழுக்கக் காவி நிறம். மச்சான் முன்யோசனையோடு புது போல்ட் வாங்கி வைத்திருந்தார். செம்பு கிரீஸ் தடவி மாட்டினார்கள்.

எவ்வளவு தாழ்த்தலாம்?

அடுத்தது உயரம். இங்கேதான் மாமனாருக்கும் மருமகனுக்கும் முதல் சண்டை. சண்டை என்று நான்தான் சொல்கிறேன். இருவரும் ‘ங்க’ போட்டுத்தான் பேசிக்கொண்டார்கள்.

சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு வளைவு வரை அளப்பது வழக்கம். பழைய உயரம் 355 மில்லிமீட்டர். மச்சான் மொபைலில் ஒரு போட்டோவைக் காட்டினார். டயருக்கும் வளைவுக்கும் நடுவே விரல் நுழையாது. 305 வேண்டும் என்றார். 50 மில்லிமீட்டர் தாழ்த்தினால் கார் பார்க்க அப்படி ஒரு அழகு. நானும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்பா கேட்டது ஒரே கேள்வி. “இதுல யாருங்க உக்காருவாங்க?”

காரைத் தாழ்த்தத் தாழ்த்த, சக்கரம் மேலே எழும்ப மிச்சமிருக்கும் இடம் குறைகிறது. அந்த இடம் தீர்ந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். எத்தனை ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்கிய செட்டாக இருந்தாலும், இடம் இல்லாவிட்டால் அதனால் எதுவும் செய்ய முடியாது. எண்ணெய் கசிந்த பழைய ஷாக் அப்சார்பர் என்ன செய்ததோ, அதையேதான் புதிதும் செய்யும். அக்கா வீட்டுத் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அங்கே செல்லமாக ‘தூங்கும் போலீஸ்காரர்’ என்பார்கள். தினமும் அவர் மேல் ஏறித்தான் எந்த ஊருக்கும் போக வேண்டும்.

அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்துபோய் அந்த வேகத்தடையை அளந்துவிட்டு வந்தார். மச்சான் மொபைலை பாக்கெட்டில் வைத்தார். 335-ல் நிறுத்தினார்கள். வெறும் 20 மில்லிமீட்டர் தாழ்வு. நான்கு பக்கமும் அளந்து, வளையங்களைப் பூட்டினார்கள்.

அடுத்து முறுக்குவது. கைகளின் மூட்டில் ரப்பர் புஷ் இருக்கிறது. கார் அந்தரத்தில் தொங்கும்போது அந்த போல்ட்டுகளைக் கடைசி வரை முறுக்கக் கூடாது. பிறகு கார் தரையில் உட்காரும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுதி முறுக்கு. அதற்கு மச்சானிடம் ‘டார்க் ரெஞ்ச்’ இருந்தது. எவ்வளவு பலம் வேண்டும் என்று அதில் வைத்துக்கொண்டால், அந்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும். சக்கர நட்டுக்கு மாஸ்டா சொல்வது 88-லிருந்து 118 நியூட்டன் மீட்டர். அப்பா 31 வருடம் கைக் கணக்கில் முறுக்கியவர். அந்த ‘டிக்’ அவருக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார்.

முறுக்கி முடித்ததும் அவர் வழக்கம் ஒன்று உண்டு. நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்ட்டால் ஒரு கோடு. நட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் பெயின்ட் இல்லை. அக்கா உள்ளே போய்த் தன் சிவப்பு நெயில் பாலிஷைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள். அந்த மூன்று நாளில் அவள் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் முறை.

டிரையல்

சாயங்காலம் கார் தரையில் நின்றது. மச்சான் சாவியோடு உட்கார்ந்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா செருப்பை மாட்டப் போனாள். அப்பா அவளைத் தடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, கதவைத் திறந்து அந்தக் குட்டி சீட்டில் தானே இறங்கினார்.

“முதல்ல நான் உக்காரணும். டிப்போல எப்பவும் அப்படித்தான். வேலை பார்த்தவன் டிரையல் போய்ட்டு வந்த பிறகுதான், சனம் ஏறணும். நான் முறுக்கின யு-போல்ட்டு மேல தினமும் அறுபது பேர் உக்காந்து வால்பாறை ஏறியிருக்காங்க கண்ணு. அவங்க யாருக்கும் என் பேர் தெரியாது.”

வால்பாறை மலைப்பாதைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதிலிருந்து நானும் அதில் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஜன்னல் சீட் கிடைக்குமா என்பதைத் தவிர வேறு எதையும் யோசித்ததில்லை.

இருவரும் அரை மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். அக்கா வீடு இருக்கும் மில்டன் கீன்ஸ் ஊரில் ரவுண்டானாக்கள் மட்டும் நூற்றுக்கு மேல். சஸ்பென்ஷனைச் சோதிக்க அதைவிட நல்ல ஊர் கிடையாது. வந்ததும் அப்பா ஒவ்வொரு நெயில் பாலிஷ் கோட்டையும் டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் நேராக இருந்தன. குமிழை முழுக்க இறுக்கி, அங்கிருந்து பின்னோக்கி ‘கிளிக்’குகளை எண்ணி, இன்னும் நான்கு கிளிக் இளக்கினார்.

பிறகு அக்கா ஏறினாள். தூங்கும் போலீஸ்காரர் மேல் கார் ஏறி இறங்குவதை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். ஏறியது, இறங்கியது, ஒரு தடவை அசைந்தது, நின்றது. அப்பா வாயில் எதுவும் சொல்லவில்லை. அவர் கை மட்டும் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து இறங்கிய அக்கா, இடுப்பில் கையை வைத்து ஒரு தடவை நிமிர்ந்தாள். “முன்னாடி குத்தும். இப்ப ரோடு எங்க எப்படி இருக்குன்னு தெரியுது. ஆனா, குத்தல.”

“விக்கணுமா?” என்றார் மச்சான்.

“அடுத்த எம்ஓடி வரைக்கும் இருக்கட்டும்.”

அது போதும் என்றிருந்தது அவர் முகம். மறுநாள் கேரேஜில் நான்கு சக்கர அலைன்மென்ட் பார்த்தார்கள். கை, போல்ட் எல்லாம் கழற்றி மாட்டிய பிறகு இது கட்டாயம். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டீயரிங் இழுக்கும். ஹெட்லைட்டின் கோணத்தையும் சரிபார்த்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தைப் பற்றி மச்சான் முன்பே தெரிவித்திருந்தார். சொல்லாமல் விட்டால், விபத்து நடக்கும் நாளில் பாலிசி கைவிட்டுவிடலாம்.

நம்மூரில் செய்யலாமா?

இதைப் படித்துவிட்டு ‘நானும் என் காருக்கு மாட்டலாமா?’ என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எனவே, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்காமல் எதையும் மாட்டாதீர்கள். ஆனால், தேய்ந்துபோன ஷாக் அப்சார்பரை அதே மாடலுக்கான புதியதாக மாற்ற எந்தத் தடையும் இல்லை. பெரும்பாலான கார்களுக்குத் தேவையும் அதுதான்.

உங்கள் காரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒன்றிரண்டு அசைவில் நிற்காமல் ஊஞ்சல் ஆடினால், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதில் உட்காரப் போவது உங்கள் வீட்டு ஆட்கள்தான்.

அப்பா இப்போது பொள்ளாச்சியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானின் வீடியோ கால் வருகிறது. அக்காவுக்கல்ல, எனக்கல்ல, அப்பாவுக்கு! மொபைலைக் காருக்கு அடியில் நீட்டுகிறார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்கிரீனுக்கு மூக்கு படும் தூரத்தில், ஒவ்வொரு சிவப்புக் கோடாகப் பார்க்கிறார்.

“அந்தப் பின்னால இடது பக்கம்... இன்னும் கொஞ்சம் கிட்டத்துல காட்டுங்க மாப்ளை.”